வேலைய விட்டா பிஎஃப் பென்ஷன்: காசா, சர்டிபிகேட்டா, டிரான்ஸ்ஃபரா?

கோத்தகிரி குன்னூர் பக்கம் டீ ஃபேக்டரிய விட்டுட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ கோயம்புத்தூர் மில்லுக்கோ இறங்குறவங்க கணக்கு முடிக்க வந்தா முதல்ல கேக்குறது, "அண்ணா மொத்தமா எவ்ளோ கைக்கு வரும்?" பிஎஃப்ல ரெண்டு பானை இருக்குன்னு நிறைய பேருக்கு யாரும் சொன்னதே இல்ல. நம்ம 12 சதவீதமும் முதலாளி போடுற 3.67 சதவீதமும் ஒரு பானை, அது வட்டியோட வளரும். முதலாளி பங்குல மிச்ச 8.33 சதவீதம் பென்ஷன் பானைக்கு போயிரும், சம்பளம் 15,000க்கு மேல இருந்தாலும் 15,000 கணக்குதான், அதாவது மாசம் 1,250க்கு மேல போகாது. முதல் பானைக்கு ஃபார்ம் 19, ரெண்டாவதுக்கு 10சி. பிரவுசிங் சென்டர்ல ரெண்டையும் சேத்தே தட்டி விட்டுடுறாங்க, கோளாறு ஆரம்பிக்கிறதே அங்கதான்.

10சில காசா எடுத்தா ஒரு வருஷ சர்வீசுக்கு ஏறக்குறைய ஒரு மாச சம்பளம் வரும். மொத்தமா கைக்கு கிடைக்கும், வீட்டுக்கு ஷீட் மாத்தலாம், கடன அடைக்கலாம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த சர்வீஸ் அதோட அழிஞ்சுரும், அடுத்த கம்பெனில மறுபடி பூஜ்யத்துல இருந்து எண்ணணும். 58 வயசுல மாசாமாசம் பென்ஷன் வேணும்னா 10 வருஷ சர்வீஸ் வேணும், இந்த 10தான் எல்லாத்துக்கும் சாவி.

ஒரு கணக்கு போட்டு பாருங்க. 50 வயசு, ஃபேக்டரில 6 வருஷம், மாசம் 12,000 சம்பளம்னு வைங்க. எடுத்தா சுமாரா எழுபத்தஞ்சாயிரம். அப்புறம் கீழ போய் 15,000 சம்பளத்துல 8 வருஷம் வேலை பாத்தா 58 வந்துரும், ஆனா 8 வருஷம்தானே, பென்ஷன் கிடையாது, அதுக்கும் காசுதான், ஒண்ணேகால் லட்சம் பக்கம். ரெண்டும் சேந்து ரெண்டு லட்சம்னு வச்சுக்கலாம். அதே ஆளு எடுக்காம பழைய சர்வீஸ புது கம்பெனி கணக்குக்கு டிரான்ஸ்ஃபர் போட்டிருந்தா 14 வருஷம். பென்ஷன் கணக்கு கடைசி 60 மாச சராசரி சம்பளத்த சர்வீஸால பெருக்கி 70ஆல வகுக்குறது, அதனால 15,000 பெருக்கல் 14 வகுத்தல் 70, மாசம் 3,000. ஆறு வருஷத்துக்குள்ள அந்த ரெண்டு லட்சம் வந்துரும், அதுக்கு மேல உசுரு இருக்குற வரைக்கும் வரும், அப்புறம் வீட்டுக்காரம்மாவுக்கு பாதி. இன்னொண்ணு கவனிச்சீங்களா, 12,000 சம்பளத்துல ஓடுன பழைய வருஷத்துக்கும் இப்ப 15,000 கணக்குதான். இந்த வயசுக்காரங்க யாரு வந்தாலும் எடுக்காதீங்கன்னு வாய் வலிக்க சொல்லுவேன்.

24 வயசு பையன் 3 வருஷ சர்வீஸ்னா இவ்ளோ அடிச்சு சொல்ல மாட்டேன், 34 வருஷம் காத்திருக்கணும், அந்த காச எடுத்து தொடாம போட்டு வச்சா ஒருவேளை அதுவே ஜெயிக்கும். தொடாம வைக்கிற பையன நான் பாத்ததில்ல, அது வேற விஷயம். 56 வயசுல 4 வருஷ சர்வீஸோட நிக்கிறவங்களுக்கு 10 எட்டவே எட்டாது, தாராளமா எடுத்துக்கோங்க.

சர்டிபிகேட்டா டிரான்ஸ்ஃபரானா, அடுத்த வேலைல பிஎஃப் உண்டுன்னு தெரிஞ்சா டிரான்ஸ்ஃபர்தான் நல்லது, பழசும் புதுசும் ஒரே யூஏஎன்ல (ஆளுக்கு ஒண்ணுன்னு குடுக்குற பிஎஃப் நம்பர்) ஒட்டிக்கும், ஆன்லைன்லயே முடிஞ்சுரும். அஞ்சு வருஷ சர்வீஸ் முடியுறதுக்கு முன்னாடி 50,000க்கு மேல பிஎஃப் எடுத்தா பான் குடுத்திருந்தாலும் பொதுவா 10 சதவீதம் டிடிஎஸ்னு வரி புடிப்பாங்க, டிரான்ஸ்ஃபர் பண்ணா பழைய சர்வீஸும் அந்த அஞ்சு வருஷத்துல சேரும். அடுத்த வேலை இன்னும் முடிவாகல, இல்ல போற இடத்துல பிஎஃப்பே இல்ல, ஊட்டில கடை போடப் போறேன்னா அதே 10சில காசுக்கு பதிலா ஸ்கீம் சர்டிபிகேட் (உங்க சர்வீஸ் கணக்க எழுதிக் குடுக்குற பத்திரம்) கேளுங்க, பின்னாடி பிஎஃப் உள்ள வேலை கிடைச்சா அங்க குடுத்து சேத்துக்கலாம். 10 வருஷம் தாண்டினவங்களுக்கு காசுங்கற பேச்சே இல்ல, சர்டிபிகேட் மட்டும்தான். அவசரம்னா 50 வயசுல இருந்தே பென்ஷன் கேக்குற ஃபார்ம் 10டி போட்டு வாங்கலாம், ஆனா 58க்கு எத்தன வருஷம் முன்னாடியோ வருஷத்துக்கு 4 சதவீதம் குறையும்.

டிரான்ஸ்ஃபர் போட்டவங்க நிறைய பேர் பாஸ்புக்க பாத்து பதறிப்போய் போன் பண்றாங்க, பென்ஷன் காலம்ல பூஜ்யம் இருக்குன்னு. பென்ஷன் பானைல இருந்து காசு நகராது, சர்வீஸ் மட்டும்தான் நகரும், அதனால சர்வீஸ் ஹிஸ்டரில பழைய கம்பெனி தேதி சரியா ஏறியிருக்கான்னு மட்டும் பாருங்க. பழைய இடத்துல எக்ஸிட் தேதி (வேலைய விட்ட தேதி) போடாம விட்டா க்ளெயிம் நகராது, கடைசியா பணம் கட்டி ரெண்டு மாசம் ஆனா நீங்களே பிஎஃப் போர்ட்டல்ல போடலாம். ஆதார்ல ஒரு பேரு எஸ்டேட் ரெக்கார்டுல ஒரு பேரு, அதுவும் பந்தலூர் கூடலூர் பக்கம் பழைய ஆளுங்களுக்கு பிறந்த தேதியே ஒத்துவராது, அதெல்லாம் வேலைல இருக்கும்போதே ஜாயிண்ட் டிக்ளரேஷன் (நீங்களும் கம்பெனியும் சேந்து குடுக்குற திருத்த மனு) போட்டு திருத்திருங்க, வெளிய வந்தப்புறம் கையெழுத்துக்கு அலையணும்.

2025 அக்டோபர்ல பிஎஃப் வாரியம் வேற ஒரு முடிவு எடுத்துச்சு, வேலை இல்லாதவங்க பிஎஃப்ப முழுசா எடுக்க ரெண்டு மாசத்துக்கு பதிலா 12 மாசம், பென்ஷன் காச எடுக்க 36 மாசம்னு. அதனால ரெண்டு மாசத்துல 10சி காசு வந்துரும்னு நம்பி யார்கிட்டயும் கடன் வாங்கிடாதீங்க, க்ளெயிம் போடுற அன்னிக்கு என்ன ரூல் ஓடுதுன்னு போர்ட்டல்ல பாத்துட்டு தட்டுங்க.