ஜொக்கித் தொப்பி சவாரி வண்டிக்குச் சரிவருமா?

லண்டனில் உள்ள சொந்தங்களிடம் சொல்லி, குதிரைப் பந்தய ஜொக்கிகள் (குதிரை ஓட்டுநர்கள்) போடும் ஸ்கல் கெப் என்ற கட்டியான பாதுகாப்புத் தொப்பியை எடுப்பிக்க நினைக்கிற மாட்டுவண்டிச் சவாரிக்காரருக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: தலைக்கு அளவாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அளவு பிசகினால் காசு வீண்.

இந்தத் தொப்பிக்கு முன்பக்கம் கட்டியான விளிம்பு இல்லை. முகம் குப்புற விழும்போது அப்படியொரு விளிம்பு நிலத்தில் குத்தித் தலையைப் பின்னுக்குத் தள்ளும், கழுத்து மாட்டிக்கொள்ளும். தொடர்ந்து 20 பருவங்கள் பிரித்தானியாவின் தடைதாண்டும் குதிரையோட்டச் சம்பியன் ஜொக்கியாக இருந்து 2015இல் ஓய்வுபெற்ற டோனி மெக்கோய் போன்றவர்களுக்கு விழுவதும் தொழிலில் ஒரு பகுதி. சவாரி வண்டியில் இருந்து தூக்கி எறியப்படுகிறவரும் கிட்டத்தட்ட அப்படித்தான் விழுகிறார்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போதாதா என்றால், முழுமுக ஹெல்மெட் பாரம். பக்கத்து வண்டி நெருங்குவது அதற்குள் இருந்து சரியாகத் தெரியாது, சத்தமும் அமுங்கிவிடும். ஸ்கல் கெப் போட்டால் கண்ணும் காதும் திறந்திருக்கும். அதற்காக இதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகக் கூடாது. இது அந்த வேகத்துக்கும் தார் வீதிக்கும் செய்த சாமான் இல்லை.

அளவு எடுப்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். தையல் நாடாவைப் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் தள்ளி, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றிப் பிடியுங்கள். 57 சென்ரிமீற்றர் என்றால் ஆங்கில அளவில் 7. போட்ட பிறகு பட்டியைப் பூட்டாமலே தொப்பியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். நெற்றித் தோலும் புருவமும் கூடவே அசைந்தால் சரி. தொப்பி தனியாக வழுக்கினால் ஓர் அளவு பெரிது. நெற்றி மட்டும் நோகிறது, காதுக்கு முன்னால் உள்ள பொட்டுப் பக்கம் இடைவெளி இருக்கிறது என்றால் அளவில் பிழையில்லை, தலை நீள்வட்டம், தொப்பி வட்டம். வேறு வடிவம்தான் தேட வேண்டும். உள்ளே பஞ்சு அடைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டை வாசியுங்கள். பி.ஏ.எஸ் 015 அல்லது ஏ.எஸ்.டி.எம் எஃப் 1163 என்ற பாதுகாப்புத் தர எண் இருந்தால் நல்லது. பழைய ஈ.என் 1384: 1996 மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள், அந்தத் தரம் கைவிடப்பட்டுவிட்டது.

குறை என்றால் வெக்கைதான். பழைய பாணித் தொப்பிகளில் காற்றோட்டம் மிகக் குறைவு. சித்திரை வெயிலில் வியர்வை கண்ணுக்குள் இறங்கும். மேலே போர்த்தும் துணி உறையை விட்டுவிட வேண்டாம். புழுதிக்குப் போடும் கண்ணாடியின் இலாஸ்ரிக் தொப்பியின் வழுவழுப்பான ஓட்டில் நிற்காது, துணியில்தான் பிடிக்கும். உறை கிழிந்தால் ஊர்த் தையல்காரரே நாலு துண்டு சற்றின் வெட்டித் தைத்துவிடுவார். சேறு தெறிக்கும் ஓட்டங்களில் ஜொக்கிகள் இரண்டு மூன்று கண்ணாடிகளை அடுக்கிப் போட்டு, ஒவ்வொன்றாகக் கீழே இழுத்துவிடுவார்கள். எங்கள் திடல் புழுதிக்கு ஒன்றே போதும்.

தொப்பியின் ஓட்டுக்குள் இருப்பது ரிஜிபோம் நுரை மாதிரியான ஒன்று. அடி வாங்கும்போது நசுங்கித்தான் அது தலையைக் காப்பாற்றுகிறது. ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது. வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே செத்திருக்கும். கழகத்தின் நிறத்தைப் பெயின்ரால் அடிக்கவோ பெற்றோலால் துடைக்கவோ வேண்டாம், அது கரைந்துவிடும். வெயிலில் பூட்டிய வானுக்குள்ளும் விடாதீர்கள்.

கூடவே நெஞ்சுக்கவசமும் எடுக்கிறவர்கள் லெவல் 3 என்று கேளுங்கள். லெவல் 1 மெல்லியது, உடம்பைப் பட்டினி போட்டு இங்கிலாந்தின் டேர்பி குதிரைப் பந்தயத்தை 9 தரம் வென்ற ஜொக்கி லெஸ்டர் பிகொட் மாதிரி எடையில் இறாத்தல் கணக்குப் பார்க்கிறவர்களுக்கானது. சவாரிக்காரருக்கு அந்தக் கஞ்சத்தனம் தேவையில்லை.

மலிவாக வருகிறதென்று பாவித்த தொப்பியை மட்டும் அனுப்பச் சொல்லாதீர்கள். முந்திப் போட்டவர் எத்தனை தரம் விழுந்தார் என்று அதில் எழுதியிருக்காது.