செக் இன்ஜின் லைட்டுக்கு மலிவு ப்ளூடூத் ஸ்கேனர்: புதுச்சேரி, கடலூர் வண்டிகளுக்கு எவ்வளவு உதவும்?

காரின் மீட்டரில் ஆரஞ்சு நிற இன்ஜின் விளக்கு எரிந்தால், ஸ்கேன் போட்டுப் பார்க்க மட்டும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. கார் பதிவு செய்யும் கோளாறுக் குறியீட்டை ('கோடு') போனில் காட்டும் ஈஎல்எம்327 வகை ப்ளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அதுவே போதும், தாராளமாக வாங்கலாம். ஆனால் அது கோளாறு எந்தப் பக்கம் என்றுதான் காட்டும். எந்தப் பாகத்தை மாற்றுவது என்று சொல்லாது.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஸ்கேனரெல்லாம் அப்புறம். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றாத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் வெளியேறி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அதன் உள்கூடு உருகினால் செலவு பல ஆயிரம். சிவப்பு ஆயில் விளக்கோ டெம்பரேச்சர் விளக்கோ வந்தாலும் ஓட்டக்கூடாது.

நிலையாக எரிந்தால், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, சாவியை ஆன் செய்து, போனோடு இணையுங்கள். கடவு எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000. ஐபோன் என்றால் வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ மாடல்தான் எடுக்க வேண்டும். பெட்டியில் வெர்ஷன் 2.1 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மலிவு நகல்களில் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை, பலவற்றில் சில கட்டளைகள் வேலை செய்வதில்லை.

பி0302 என்ற கோடு வந்தது என்று வையுங்கள். இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். உடனே பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் வாங்கிவிடாதீர்கள். சாவியை அணைத்து, இரண்டாவது காயிலை மூன்றாவதோடு இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303 ஆக மாறினால் கோளாறு காயிலில். மாறாமல் நின்றால் பிளக், இன்ஜெக்டர், ஒயரிங் பக்கம் தேட வேண்டும். காயிலைக் கழற்றும்போதே ஒயரை இணைக்கும் கப்ளரை வெளிச்சத்தில் பாருங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு, 'க்ளிக்' என்று பூட்டும்வரை அழுத்தினாலே பல சென்சார் கோடுகள் போய்விடும். எர்த் ஒயர் இருக்கும் போல்ட்டையும் துருவில்லாமல் சுரண்டி இறுக்குங்கள்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்குப் பின் புதுச்சேரியில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. அதுபோல ஏர் ஃபில்டர் வரை தண்ணீர் ஏறிய வண்டியில் ஸ்கேன் போடவும்கூட சாவியைத் திருப்பாதீர்கள். நேரே டோ வண்டிதான்.

அமெரிக்க வீடியோக்களில் முதலில் பெட்ரோல் மூடியை இறுக்கச் சொல்வார்கள். அங்கே டேங்க் ஆவிக் கசிவையும் கார் சோதிக்கும். ஐரோப்பிய விதிகளைத் தழுவிய நம் வண்டிகள் பெரும்பாலானவற்றில் அந்தச் சோதனை இல்லை.

கோளாறுக் குறியீட்டை அழிக்கும் முன் அதோடு பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்த நொடியில் ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு என்ன என்று அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். மெக்கானிக்குக் குறியீட்டைவிட அதுதான் பெரிய துப்பு. ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்கு இந்த ஸ்கேனர் பெரும்பாலும் உதவாது.

வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அந்த சாக்கெட்டின் 16ஆம் பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் அதுவே பேட்டரியை இறக்கிவிடும்.