சூடான பேட்டரியும் நிலைக்காத கரண்டும்

மியான்மரில், மோல்மேனில் கூரைத் தகர வேலை எடுத்துச் செய்யும் தம்பி ஒருவர், "அண்ணே, பேட்டரி இம்பாக்ட் டிரைவர் வாங்கலாமா, வயர் மிஷினே போதுமா?" என்று கேட்டிருந்தார். ஸ்க்ரூவைத் தட்டித் தட்டி முறுக்கி இறக்கும் மிஷின்தான் இம்பாக்ட் டிரைவர். பெகு பக்கம் சில சீசனாக நான் பேட்டரி மிஷினைத்தான் வைத்து வேலை செய்கிறேன். 18 வோல்ட். கடையில் 20 வோல்ட் என்று எடுத்துக் காட்டினால் பலம் கூடுதல் என்று நம்பிவிட வேண்டாம். உள்ளே இருப்பது அதே ஐந்து செல் வரிசைதான். முழுச் சார்ஜில் அளந்தால் 20 காட்டும், அவ்வளவுதான்.

மிஷினைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஸ்க்ரூ இறக்கலாம். காலைத் தடுக்க வயர் கிடையாது. சரிவான தகரத்தில் ஏறி நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். விசையை மெல்லத் தளர்த்தினால் ரப்பர் வாஷர் தகரத்தில் உட்கார்ந்து, மேல் மூடியின் விளிம்பைத் தாண்டி நூலளவு பிதுங்கும். அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் அரைச் சுற்று விட்டால் ரப்பர் நசுங்கிக் கிழிந்துவிடும். அந்த வருட மழையில் தப்பினாலும் அடுத்த வருடம் ஒழுகும். இந்த மாதிரி மிஷினில், போதிய இறுக்கம் வந்ததும் தானாக விட்டுவிடும் கிளட்ச் இல்லை, நிதானம் நம் விரலில்தான் இருக்க வேண்டும். என் விரலுக்கு அது நன்றாகவே படிந்துவிட்டது.

என் கோபமெல்லாம் சார்ஜர் மேல்தான். தகர வேலை மும்முரமாக நடப்பது ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டான திஞ்ஜானை ஒட்டி. மே நடுவில் மழை இறங்கிவிடும், அதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் கூரை மேல் ஓடிய பேட்டரியைக் கழற்றினால் கை சுடுகிறது. கீழே கொண்டுவந்து சார்ஜரில் மாட்டினால் விளக்கு மினுக் மினுக்கென்று எரிகிறதே தவிர, சார்ஜ் ஏறுவதில்லை. பேட்டரி ஆறட்டும் என்று சார்ஜர் காத்திருக்கிறது. அது ஆறுவதற்குள் நம் ஊர்க் கரண்ட் போய்விடுகிறது! நாலு ஆட்கள் ஏணியடியில் சும்மா உட்கார்ந்திருக்க, அன்றைய கூலியை நான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் சார்ஜர் மேல் தப்பில்லை. சூடாக இருக்கும் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் குறையும். ஆனால் சின்னக் காற்றாடி வைத்துப் பேட்டரியைக் குளிர்வித்துக்கொண்டே ஏற்றும் சார்ஜர்களும் கிடைக்கின்றன. எனக்கு விற்ற கடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, செட்டோடு வந்த காற்றாடியில்லாததைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வெயிலும் கரண்ட் வெட்டும் இருக்கிற ஊரில் கூரை வேலைக்காரனிடம் இதை மறைத்து விற்பது எனக்குப் பொறுக்கவே இல்லை.

அதனால் தம்பி, இந்தச் சீசனுக்கு வயர் மிஷினையே வாங்குங்கள். சாதாரண டிரில் வேண்டாம். தகர ஸ்க்ரூவுக்கென்றே, ஆழம் பார்த்துத் தானாக நிற்கும் மூக்கு வைத்த டிரைவர் வருகிறது. வேகம் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் போகாததாகப் பாருங்கள். அதற்கு மேல் ஓடினால் ஸ்க்ரூ முனை காய்ந்து மழுங்கி, இரும்புச் சட்டத்தில் இறங்காது. கரண்ட் போனால் சின்ன ஜெனரேட்டரே அந்த மிஷினை ஓட்டிவிடும். வயரை மட்டும் ஏணிப் பக்கம் விடாமல் முகட்டுக்கு மேலாக எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.