ஃபுல் ஸ்டாக் கோர்ஸ், கூடவே ஃபைனல் இயர் புராஜெக்ட்: பணம் கட்டும் முன் அந்த ஜிப் கோப்பைத் திறந்து பாருங்கள்

"மூணு மாசத்துல ஃபுல் ஸ்டாக், ரெடி புராஜெக்ட், இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட், நூறு சதவீத பிளேஸ்மென்ட்." ஃபுல் ஸ்டாக் என்றால் வலைத்தளத்தின் திரையில் தெரியும் பகுதி, பின்னால் சர்வரில் ஓடும் பகுதி இரண்டையும் எழுதக் கற்பது. பொறியியல் கல்லூரி வாசல்களில் கொடுக்கும் இந்த நோட்டீஸை நம்பிச் சேர்ந்த மாணவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு ஜிப் கோப்பும் ஒரு சான்றிதழும்தான். அப்படி விற்கப்பட்ட ஒரு லைப்ரரி மேனேஜ்மென்ட் புராஜெக்டைப் பிரித்துப் பார்த்ததில் இருந்தவை கீழே. விற்றவர் பெயர் வேண்டாம். இதே சரக்கு வேறு வேறு போர்டு மாட்டிய இடங்களிலும் கிடைக்கிறது.

முதலில் டேட்டாபேஸ் இணைப்புக் கோப்பு. அதில் இருப்பது, சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியின் 'மைஎஸ்க்யூஎல் கனெக்ட்' என்ற பழைய ஃபங்ஷன். பிஎச்பி 5.5 வந்த 2013லேயே இதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள்; 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7ல் அடியோடு நீக்கிவிட்டார்கள். சொந்தக் கம்ப்யூட்டரில் பிஎச்பியை ஓட்ட உதவும் ஸாம்ப் மென்பொருளின் இன்றைய பதிப்பில் ஓட்டினால் முதல் பக்கமே திறக்காது. அதற்கு விற்பவர்கள் வைத்திருக்கும் வைத்தியம், பழைய ஸாம்ப்பைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து "அப்டேட் மட்டும் கொடுத்துடாதீங்க" என்பது. பிஎச்பி மேல் தப்பில்லை, வேர்ட்பிரஸ் இன்றும் அதில்தான் ஓடுகிறது. காலாவதியான பிஎச்பியைப் புதுசு என்று விற்பதுதான் தப்பு.

அடுத்து லாகின் பக்கம். டெமோ காட்டும்போதே நீங்கள் சோதித்துவிடலாம். யூசர்நேம் பெட்டியில் ஒரே ஒரு ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டிச் சமர்ப்பியுங்கள். "பெயர் தவறு" என்று வந்தால் சரி. எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் மொழி) பிழைச் செய்தி வந்தால், நீங்கள் தட்டியதை அப்படியே குவெரியோடு, அதாவது டேட்டாபேஸுக்கான கட்டளையோடு ஒட்டி டேட்டாபேஸுக்கு அனுப்புகிறார்கள் என்று அர்த்தம். பாஸ்வேர்டே தெரியாமல் எவரும் அட்மினாக உள்ளே போகலாம். பிஎச்பியின் டேட்டாபேஸ் இணைப்பு வசதியான பிடிஓ வழியாக, தட்டியதைக் குவெரியோடு ஒட்டாமல் தனியாக அனுப்பும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் எழுதினால் தீரும் விஷயம் இது. கூடுதலாக இரண்டு மூன்று வரிகள். பிறகு டேட்டாபேஸைத் திறந்து காட்டும் பிஎச்பிமைஅட்மினில் யூசர்ஸ் டேபிளைத் திறக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு 32 எழுத்தாக இருந்தால் அது அநேகமாக எம்டி5 என்ற பழைய மறைப்பு முறை, இன்றைக்கு அதை வைத்துப் பாஸ்வேர்டைக் காக்க முடியாது. டாலர் குறியில் தொடங்கி 60 எழுத்து இருந்தால் பிகிரிப்ட் என்ற வலுவான முறை, நல்லது.

லோக்கல்ஹோஸ்டில், அதாவது அவர்களுடைய கம்ப்யூட்டரில் மட்டும் டெமோ காட்டினால் உஷார். விண்டோஸுக்குக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. பெரும்பாலான ஹோஸ்டிங் சர்வர்களில் ஓடும் லினக்ஸுக்கு உண்டு. ஆகவே கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்த லோகோ சர்வரில் ஏற்றியதும் காணாமல் போகும். 'சி டிரைவ்' என்று தொடங்கும் முகவரியைக் கோடில் எழுதி வைத்திருந்தால் இன்னும் மோசம். இதைச் சரிசெய்து சர்வரில் ஏற்ற "டிப்ளாய்மென்ட் சார்ஜ்" தனி, தளத்தைப் பாதுகாப்பான https முகவரியில் திறக்க வைக்கும் எஸ்எஸ்எல் தனி என்று பில் வரும். எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகவே தருகிறது. வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் தளம் என்றால் கிட்ஹப் பேஜஸில் ஹோஸ்டிங்கும் இலவசம். பிஎச்பி மட்டும் அங்கே ஓடாது.

சிலபஸ் தாளையும் ஒரு பார்வை பாருங்கள். மார்க்யூ டேக், ஃபிரேம்செட் ஆகிய பழைய எச்டிஎம்எல் குறிகளும் ஆங்குலர்ஜேஎஸ் என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பும் இருந்தால் அது பல வருடமாகத் தூசி தட்டாத தாள். ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தது. இன்றைய ஆங்குலர் வேறு. பக்கத்தை அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட், சர்வரிலிருந்து தகவல் எடுக்கும் ஃபெட்ச், கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் ஆகிய நான்கும் இல்லாத கோர்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள். பல்கலைக்கழக சிலபஸும் சில இடங்களில் பழசுதான், அதைப் பரீட்சைக்குப் படித்தே ஆகவேண்டும். காசு கொடுத்துப் பழசை வாங்கவேண்டியதில்லை.

புராஜெக்டின் கிட் லாக்கை, அதாவது கோடு எப்போது எப்படி மாறியது என்ற பதிவைக் கேளுங்கள். மொத்தக் கோடும் ஒரே கமிட்டில் (ஒரே பதிவில்), ஒரே நாளில் ஏறியிருந்தால் யாரோ எழுதியதை அப்படியே இறக்கியிருக்க வாய்ப்பு அதிகம். வாய்மொழித் தேர்வான வைவாவில் மாட்டுவது இங்கேதான். "இந்த ஃபார்மில் ஒரு போன் நம்பர் பெட்டி சேர்த்துக் காட்டு" என்பார் வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல். எச்டிஎம்எல்லில் ஒரு இன்புட், டேபிளில் ஒரு நெடுவரிசை, இன்சர்ட் குவெரியில் ஒரு மாற்றம், லிஸ்ட் பக்கத்தில் ஒரு வரி. தானே எழுதியவருக்குப் பத்து நிமிட வேலை. வாங்கியவருக்கு எந்தக் கோப்பைத் திறப்பதென்றே தெரியாது.

அடிப்படை கற்க இத்தனை செலவும் தேவையில்லை. எம்டிஎன் என்ற இணையதளத்தில் எச்டிஎம்எல் ஃபார்ம் முதல் ஜாவாஸ்கிரிப்ட் வரை இலவசம். அதை முடித்தவருக்கு ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் ஃபுல் ஸ்டாக் ஓபன் என்ற ஆன்லைன் கோர்ஸ் இருக்கிறது, அதுவும் இலவசம். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் மூன்று மாதத்தில் ஃபிரன்ட்எண்ட் எனும் திரையில் தெரியும் பாதிதான் கைக்கு வரும் என்பது எங்கள் கணிப்பு.

பெரிய ஓட்டை, கட்டணத்தை வட்டியில்லாத் தவணையில் கட்டலாம் என்று சொல்லும் "ஜீரோ காஸ்ட் இஎம்ஐ"யில். நீங்கள் கையெழுத்துப் போடுவது பல நேரம் கல்விக் கட்டணத் தவணை ஒப்பந்தத்தில் அல்ல, ஒரு நிதி நிறுவனத்தின் கடன் படிவத்தில். முழுப் பணமும் பயிற்சி மையத்துக்குப் போய்விட்டால், வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் தவணை நிற்காது. கட்டத் தவறினால் கடன் எடுத்த அப்பா அல்லது அம்மாவின் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண்) அடிபடும். எந்த நிறுவனத்தின் கடன், விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நோட்டீஸில் வேலைக்கு "கேரன்டி" என்று போட்டு, ஒப்பந்தத்தில் "அசிஸ்டன்ஸ்" என்று மாற்றியிருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போடவேண்டும். அந்த நோட்டீஸ், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், ஜிப் கோப்பு நான்கையும் அழித்துவிடாதீர்கள்.