பூட் போட்ட காலோடு டிஸ்னி வேர்ல்ட்: எதற்குப் போகலாம், எதை விட்டுவிடலாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். கணுக்கால் எலும்பு கூடிக்கொண்டிருக்கும்போது ஓர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போகலாமா? போகலாம். டாக்டர் சரி என்று சொல்லி, நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து போகிற எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு வாடகை கொடுக்கவும் மனம் வந்தால் நன்றாகவே ரசிக்கலாம். நாலு பூங்காவில் எப்காட்டுக்குத் தாராளமாகப் போங்கள். அடுத்தது அனிமல் கிங்டம். மேஜிக் கிங்டத்துக்குப் பொறுமை வேண்டும். ஹாலிவுட் ஸ்டுடியோஸ் எங்கள் திட்டத்திலிருந்தே அடிபட்டுப் போனது. அங்கே எங்கள் வீட்டாருக்குப் பிடித்ததெல்லாம் ஆளைத் தூக்கிப்போடுகிற ரைடுகள், நான் போய் என்ன செய்வது?

நாங்கள் இருப்பது வட கரோலினாவின் சார்லட்டில். பிள்ளைகளின் வசந்த விடுமுறைக்கு டிக்கெட் எல்லாம் எடுத்தாகிவிட்டது, ஊரிலிருந்து மாமியாரும் வந்திருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் கராஜ் படியில் மளிகைப் பையோடு சறுக்கி விழுந்தேன். இடது கணுக்காலில் பிபுலா எலும்பு விரிசல் விட்டது. ஆபரேஷன் தேவைப்படவில்லை, முழங்காலுக்குக் கீழே வரை வந்து, காலை அசையாமல் பிடித்துவைக்கிற வாக்கிங் பூட் போதும் என்றார்கள். கிளம்புகிற சமயத்தில், வீட்டுக்குள் நடக்கிற அளவுக்கு பூட்டோடு நடக்கலாம் என்று ஆர்த்தோ டாக்டர் சொல்லியிருந்தார். டிஸ்னியோ ஒரு நாளில் சர்வசாதாரணமாகப் பத்துக் கிலோமீட்டர் நடக்க வைக்கிற இடம். ரத்து செய்துவிடலாமா என்று வீட்டுக்காரர் இழுத்தார். "ஏம்ப்பா, அவளுக்குக் காலுதான ஒடஞ்சிருக்கு, கண்ணு நல்லாத்தான இருக்கு" என்றார் அத்தை. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காரில் எட்டு மணி நேரப் பயணம். பின்சீட்டில் காலை நீட்டி, தலையணைமேல் வைத்துக்கொண்டு போனேன். கால் அசையாமல் நெடுநேரம் இருந்தால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கச் சொல்லியிருந்தார் டாக்டர். உங்களுக்கு என்ன சொல்கிறார் என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஸ்கூட்டர். பூங்கா வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. நாங்கள் போனபோது சாதாரண வீல்சேர் நாளுக்கு 12 டாலர். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் 50 டாலர், அதோடு திருப்பித் தருகிற முன்பணம் 20. முன்பதிவு கிடையாது, முதலில் வருகிறவருக்கு முதலில். பதினெட்டு வயதாகியிருக்க வேண்டும். பூங்காவை விட்டு வெளியே எடுத்துப்போக முடியாது, ஆகவே கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரைக்கும் உங்கள் பாடு உங்களோடு. வீல்சேர் மலிவுதான், ஆனால் தள்ளுவதற்கு ஆள் வேண்டும். தள்ளுகிறவர் பாதி நாளில் ஓய்ந்துவிடுவார், உட்கார்ந்திருப்பவருக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்றாலும் வாய்விட்டுக் கேட்கவேண்டும். கூடவருபவர்கள் சந்தோஷமாக இருக்கவேண்டும் என்றால் ஸ்கூட்டர்தான் என் ஓட்டு.

ஓட்டுவது சுலபம். கைப்பிடியில் வலப்பக்க நெம்புகோலை அமுக்கினால் முன்னே, இடப்பக்கத்தை அமுக்கினால் பின்னே. வேகம் கூட்டக் குறைக்க ஒரு திருகு, அதன் ஒரு முனையில் ஆமைப்படம், மறுமுனையில் முயல். கூட்டத்தில் முயல் பக்கமே போகாதீர்கள். போனைப் பார்த்தபடி நடக்கிறவர்கள் திடீரென்று நின்றுவிடுவார்கள், அவர்கள் குதிகால் நம் முன்சக்கரத்துக்கு நேராக இருக்கும். பின்னால் எடுக்கும்போது லாரி மாதிரி பீப் பீப் என்று கத்தும். கடைக்குள் சிக்கி அப்படி நாலு தடவை முன்னும் பின்னும் எடுக்கும்போது ஊரே திரும்பிப் பார்க்கும், கூச்சம் அரை நாளில் போய்விடும். முன்னால் இருக்கிற கூடை குடும்பச் சொத்தாகிவிடும். தண்ணீர்ப் பாட்டில்கள், சின்னவளின் காதுவைத்த தொப்பி, அத்தை கட்டிக்கொண்டுவந்த புளிசாதம் எல்லாம் என் தலையில்தான். (வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது.) சின்னவளுக்கு என் மடியில் உட்கார்ந்து வரவேண்டும் என்று ஆசை. அதற்கு அனுமதியில்லை, ஒரு ஸ்கூட்டருக்கு ஒரே ஆள்.

எப்காட் நாளுக்கு மட்டும் ஹோட்டலுக்கே கொண்டுவந்து தருகிற ஒரு வெளிக் கம்பெனியிடம் ஸ்கூட்டர் எடுத்தோம். அறையிலிருந்தே ஏறி உட்கார்ந்து போகலாம், பஸ்ஸிலும் ஏற்றலாம் என்பது வசதி. ஆனால் பாட்டரி பழசு. எப்காட்டில் பல நாட்டு அரங்குகள் சூழ்ந்த ஏரியைச் சுற்றி பாதிதூரம் போயிருப்போம், விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்கு வந்து, ஜப்பான் அரங்குக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றேவிட்டது. சீட்டுக்குப் பின்புறம், சக்கரத்தோரம் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதை மாற்றிவிட்டால் மோட்டார் பிடி விட்டு, கையால் தள்ளலாம். வண்டி தந்தவர் இதைச் சொல்லவில்லை, பையன்தான் போனில் தேடிக் கண்டுபிடித்தான். அப்பாவும் பிள்ளையும் தள்ள, அத்தை முன்னால் போய், "கொஞ்சம் வழி விடுங்கப்பா" என்று நல்ல தமிழில் கூட்டத்தை விலக்கினார். எல்லாரும் விலகினார்கள். ஒரு கடைக்காரப் பெண் சுவரோர பிளக் ஒன்றைக் காட்டி, அங்கேயே சார்ஜ் போட்டுக்கொள்ளச் சொன்னார். அந்த நேரம் முழுக்க ஜப்பான் முற்றத்தில் தைகோ மேளக்காரர்கள் வாசித்தார்கள். ஓடிக்கொண்டே இருந்திருந்தால் அதை முழுசாக உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டோம். வெளியே வாடகைக்கு எடுக்கிறவர்கள் இரண்டு விஷயம் செய்யுங்கள்: பாட்டரி எவ்வளவு பழசு என்று கேளுங்கள், சார்ஜரைக் கூடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் எந்த மாமாவைக் கேட்டாலும், "வீல்சேர்ல போனா வரிசையே கிடையாது, நேரா முன்னாடி விட்டுருவான்" என்பார். அதை நம்பிப் போகாதீர்கள். பெரும்பாலான ரைடுகளில் வரிசைப் பாதையே அகலமாக இருக்கிறது, எல்லாரோடும் சேர்ந்து நாமும் அதே வரிசையில்தான் உருள வேண்டும். பாதை குறுகலான பழைய ரைடுகளில், அப்போது வரிசையில் எவ்வளவு நேரம் ஆகுமோ அதற்குத் தகுந்தாற்போல் நேரம் குறித்துத் திரும்பி வரச்சொல்வார்கள். வரிசையில் நிற்காமல் நேரம் குறித்துக்கொண்டு திரும்பி வரலாம் என்று ஊனமுற்றவர்களுக்கு இருக்கிற டாஸ் (DAS) என்கிற ஏற்பாட்டையும் 2024 மே மாதத்திலிருந்து ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று சுருக்கிவிட்டார்கள். உடைந்த கால் அதில் வராது. இது நியாயம்தான் என்பது என் கருத்து. வரிசையில் நிற்கிறவர்களெல்லாம் கால்வலியோடு நிற்கும்போது, நான் மட்டும் உட்கார்ந்தல்லவா இருக்கிறேன்?

போகுமுன் பார்க்கவேண்டியது ஒவ்வொரு ரைடிலும் ஏறி இறங்குவது எப்படி என்பதைத்தான். டிஸ்னியின் செயலியில் ஒவ்வொன்றுக்கும் எழுதியிருக்கிறது: வண்டியிலேயே இருக்கலாமா, சாதாரண வீல்சேருக்கு மாறவேண்டுமா, எழுந்து ரைடின் இருக்கைக்கு மாறவேண்டுமா, அல்லது நடந்தே ஏறவேண்டுமா என்று. மேஜிக் கிங்டத்தில் பீப்பிள்மூவர் பார்ப்பதற்குப் பரம சாது, ஆனால் நகரும் பாதையில் நடந்து, நகர்ந்துகொண்டே இருக்கிற பெட்டியில் ஏற வேண்டும். பூட்டோடு அது வேண்டாம். அதே பூங்காவில் இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டுக்கு வீல்சேரையே ஏற்றுகிற படகு இருக்கிறது. மிக்கீஸ் ஃபில்ஹார்மேஜிக் மாதிரி உட்கார்ந்து பார்க்கிற காட்சிகளுக்குக் கவலையே இல்லை. எப்காட்டில் பறப்பது போல் உட்கார்ந்து பார்க்கிற சோரின் ரொம்ப அழகு, ஆனால் கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கும். ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிற பூட் கணுக்காலைக் கீழே இழுக்கும் என்று நான் ஏறவில்லை. அனிமல் கிங்டத்தின் அவதார் ஃப்ளைட் ஆஃப் பாசேஜில் பைக் மாதிரி உட்காரவைத்து, கெண்டைக்காலைப் பின்னாலிருந்து ஒரு பலகை வந்து பிடிக்கும். பூட் போட்ட காலுக்கு அங்கே இடமேது? பையனும் அப்பாவும் போய்விட்டு வந்து, சாப்பாட்டு நேரம் முழுக்க அதையே பேசினார்கள்.

எப்காட்டை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், அங்கே பார்ப்பதும் தின்பதும்தான் முக்கால்வாசி. பதினொரு நாட்டு அரங்குகள், நடுவே ஏரி, சுற்றிவர இரண்டு கிலோமீட்டர் சமதளப் பாதை. ஸ்கூட்டருக்கென்றே போட்டது போல் இருக்கும். சீனா, கனடா இரண்டிலும் சுற்றிலும் திரை கட்டிய வட்ட அரங்கம், அதில் எல்லாரும் நின்றுதான் படம் பார்க்கவேண்டும். நான் மட்டும் மகாராணி மாதிரி உட்கார்ந்து பார்த்தேன், வீட்டுக்காரர் பொறாமைப்பட்டார். லிவிங் வித் த லேண்ட் படகு அத்தைக்காக. கண்ணாடிக் கூடாரங்களுக்குள் மண்ணே இல்லாமல் காய்கறி வளர்க்கிறார்கள், மீன் வளர்க்கிறார்கள். பந்தலில் தொங்கிய தக்காளியைப் பார்த்துவிட்டு, "மண்ணு இல்லாம காய்க்குதே, ருசி இருக்குமா?" என்று இறங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அனிமல் கிங்டம் 1998-ல் திறந்தது. பாதைகளை வேண்டுமென்றே கரடுமுரடாக, பழைய ஊர்த் தெரு போல் போட்டிருக்கிறார்கள், ஸ்கூட்டர் குலுங்கும். கிளிமஞ்சாரோ சஃபாரி இன்னும் குலுங்கும். வீல்சேரோடு ஏறக்கூடிய வண்டியும் உண்டு. நான் இருக்கைக்கு மாறி, பூட்டுக்கு அடியில் மடித்த ஸ்வெட்டரை வைத்துக்கொண்டேன், வலிக்கவில்லை. காலையில் கதவு திறந்ததும் போனால் வெயிலுக்கு முன் மிருகங்கள் நடமாடும். ஒட்டகச்சிவிங்கி ஒன்று பாதையை மறித்து நின்று, வண்டி அதற்காகக் காத்திருந்தது. ஆசியப் பகுதியில் மகாராஜா ஜங்கிள் ட்ரெக் என்று ஒரு நடைப்பாதை, ஸ்கூட்டரிலேயே போய்வரலாம். இடிந்த அரண்மனை, மங்கிய சுவரோவியம், அதற்கு நடுவே நிஜப் புலி. காவிபூசிய சுவரையும் கையால் எழுதிய விளம்பரப் பலகைகளையும் பார்த்த அத்தை, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம், நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கமே இருக்கே" என்றார். புலியைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

கால் வீங்கும், அதைத் தவிர்க்க முடியாது. ஸ்கூட்டரில் காலைத் தொங்கப்போட்டே உட்கார்ந்திருப்பதால் மதியத்துக்குள் பூட் இறுகிவிடும். ஒவ்வொரு பூங்காவிலும் முதலுதவி மையம் இருக்கிறது. மேஜிக் கிங்டத்தில் கிறிஸ்டல் பேலஸ் உணவகத்தை ஒட்டி. படுக்கை தருவார்கள், ஐஸ் தருவார்கள், காலை உயர்த்திவைத்து அரைமணி படுக்கலாம். காசு கிடையாது. குளிர்ந்த அறை, நர்ஸ் இருக்கிறார், சுற்றிலும் சத்தமே இல்லை. டிஸ்னியில் எனக்கு மிகப் பிடித்த இடம் எது என்று சின்னவள் கேட்டபோது இதைத்தான் சொன்னேன், அவளுக்குக் கோபம். புளோரிடா வெயிலில் பூட்டின் உள்துணி வேர்த்து ஊறிவிடும். மாற்றுத் துணி ஒன்றும் நீளமான பருத்திக் காலுறைகளும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்களில் சாய்தளம் இறக்கி, நம்மை முதலில் ஏற்றி, ஸ்கூட்டரைக் கட்டிவைப்பார்கள். வரிசையில் நிற்கிறவர்கள் அதுவரை நம்மையே பார்ப்பார்கள். ஸ்கூட்டரிலிருந்து எழுந்து நாலு அடி நடந்தாலோ, "நடக்கிறாளே!" என்கிற பார்வை. பூட் தெரிகிற எனக்கே இப்படி. வெளியே தெரியாத வலியுள்ளவர்கள் தினமும் எப்படிச் சமாளிக்கிறார்களோ. வாண வேடிக்கை முடிந்த கையோடு மட்டும் கிளம்பாதீர்கள். ஊரே ஒரே வாசலுக்குப் பாயும்போது ஸ்கூட்டரில் இருப்பவருக்கு முதுகுகள்தான் தெரியும். முக்கால் மணி உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போனால் மோனோரயிலில் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

கடைசியாகச் சாப்பாடு. அனிமல் கிங்டம் லாட்ஜில் கிடானி வில்லேஜ் பகுதியில் சனா என்று ஓர் உணவகம், இந்திய வாசமும் ஆப்பிரிக்க வாசமும் கலந்த சமையல். சுடச்சுட நான் ரொட்டி வகைகள், தொட்டுக்கொள்ள ஒன்பது வகைச் சட்னி, ஊறுகாய், ரைத்தா. சைவர்களுக்கு அதுவே வயிறு நிறையும். ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேய்கின்றன, பூங்கா டிக்கெட்டே தேவையில்லை. காலை நீட்ட இன்னொரு நாற்காலி கேட்டேன், கேட்ட நிமிடமே வந்தது. அத்தை கொத்தமல்லிச் சட்னியை மறுபடி கேட்டு வாங்கினார். மேஜை பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடுகிறது. வெளிச்சம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போடுங்கள், இருட்டினால் வெளியே எதுவும் தெரியாது.