வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்து ஃபேக்ஸ்: காப்பர் லைன்ல ஆரம்பிச்சு ஈமெயில் வரைக்கும்

இந்தக் காலத்துல ஃபேக்ஸ் யாருங்க அனுப்புறாங்கன்னு கேக்குறவங்க அமெரிக்க மெடிக்கல் பில்லிங் (டாக்டருக்குச் சேர வேண்டிய காசை இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட கேட்டு வாங்குற வேலை) பக்கம் எட்டிப் பாத்திருக்க மாட்டாங்க. நான் சேலத்துல வீட்ல இருந்தே சில சின்ன கிளினிக்குக்கு பில்லிங் பாக்குறேன், இன்சூரன்ஸ்காரன் காசு தர முடியாதுன்னு கிளெய்மை டினை பண்ணிட்டா அப்பீல் லெட்டர், டாக்டர் நோட்ஸ், லேப் ரிப்போர்ட்னு ஒரு கட்டு பேப்பர் போகணும், பல கம்பெனில அதுக்கு வழின்னு பாத்தா தபால் இல்லன்னா ஃபேக்ஸ், அவ்வளவுதான். இங்க இருந்து தபால் போட்டா எப்ப போய்ச் சேர்றது. அதனால வருஷக்கணக்கா மாத்தி மாத்தி எல்லா வழியும் பாத்தாச்சு, அதான் எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம். பிராட்பேண்ட் இருக்கே, கம்ப்யூட்டர்ல இருந்து நேரா ஃபேக்ஸ் போயிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. போகாது. ஃபேக்ஸ்ங்கறது போன் கால். நம்ம பக்கத்து மெஷின் 1100 ஹெர்ட்ஸ்ல பீப் பீப்னு கூப்பிடும், அந்தப் பக்கம் 2100 ஹெர்ட்ஸ்ல பதில் குடுக்கும், அப்புறம் ரெண்டும் பேசி எந்த ஸ்பீடுன்னு முடிவு பண்ணும், சாதா மெஷின்னா அதிகபட்சம் செகண்டுக்கு 14,400 பிட், லைன் சரியில்லன்னா 9600, இன்னும் கீழ. உங்க நெட் 100 எம்பிபிஎஸ்ஸா இருந்தாலும் அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. விண்டோஸ்ல ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன் திறந்தா மோடம் எங்கன்னுதான் கேக்கும், அது கேக்குறது போன் லைன் மோடம், பிராட்பேண்ட் மோடம் இல்ல.

போன் வயர்லயே நெட் வந்த ஏடிஎஸ்எல் காலத்துல ஒரு யுஎஸ்பி ஃபேக்ஸ் மோடம் வாங்கிப் போட்டேன். சொன்னா நம்ப மாட்டீங்க, அருமையா ஓடுச்சு. வேர்ட்ல பிரிண்ட் குடுத்து பிரிண்டர் லிஸ்ட்ல ஃபேக்ஸ்னு தேர்ந்தெடுத்தா போதும். ஒரே காப்பர் வயர்ல குரல் 4 கிலோஹெர்ட்ஸ்க்கு கீழ போகும், ஏடிஎஸ்எல் 25க்கு மேல போகும், அதனால நெட்டும் ஃபேக்ஸும் ஒரே நேரத்துல சண்டை போடாம இருக்கும். ஆனா யுஎஸ்பி மோடத்தை ஸ்ப்ளிட்டர்ல (குரலையும் நெட்டையும் பிரிக்கிற சின்ன டப்பா) போன்னு எழுதியிருக்குற ஓட்டையிலதான் சொருகணும், ஸ்ப்ளிட்டருக்கு முன்னாடியே பேரலல் எடுத்துச் சொருகினா ஏடிஎஸ்எல் சத்தம் உள்ள வந்து பாதிப் பக்கத்துல கட் ஆகும். மழை வந்தா வேற கதை, போஸ்ட் ஜாயின்ட்ல தண்ணி இறங்கி கரகரன்னு ஆயிடும், பேச முடியும், ஃபேக்ஸ் போகாது. லைன்மேன் அண்ணன் ரிசீவரை காதுல வச்சுப் பாத்துட்டு "டயல் டோன் வருதே சார்"னு சொல்லிட்டுப் போயிடுவாரு.

பெரிய தலைவலி என்னன்னா டோல் ஃப்ரீ. அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிங்க ஃபேக்ஸ் நம்பர் பெரும்பாலும் 800, 888, 877ன்னுதான் ஆரம்பிக்கும், அது அவங்க ஊருக்குள்ள கூப்பிடறதுக்கு, நம்ம லேண்ட்லைன்ல இருந்து போட்டா பெரும்பாலும் போகவே போகாது. ஏரியா கோடு உள்ள நம்பரா தேடிப் பிடிச்சு ஐஎஸ்டி போட்டு அனுப்பணும், 20 பக்க ரெக்கார்ட்ஸ்னா பில்லு எகிறும்.

அப்புறம் ஃபைபர் வந்துச்சு. பெட்டிக்குப் பின்னாடி போன் சொருக ஒரு ஓட்டை இருக்குங்க, பேசினா கணீர்னு கேக்கும், ஃபேக்ஸ் மட்டும் சொதப்பல். காரணம் இதுதான், அது இன்டர்நெட் வழியா போற போன், குரலை துண்டு துண்டா வெட்டி அனுப்புது, நடுவுல ஒரு துண்டு காணாமப் போனா நம்ம காதுக்குத் தெரியாது, ஃபேக்ஸ் மெஷினுக்கு அது போதும் கையைத் தூக்கிடும். ஜி.711ன்னு 64 கேபிபிஎஸ் கோடெக்ல (குரலை டிஜிட்டலா மாத்துற முறை) போனா கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், ஜி.729 மாதிரி 8 கேபிபிஎஸ்க்கு சுருக்குற கோடெக்னா சுத்தமா போகாது. ஃபேக்ஸை இன்டர்நெட் வழியா அனுப்புறதுக்குன்னே டி.38னு ஒரு முறை 1998லயே வந்தாச்சு, ஆனா வழி நெடுக எல்லாரும் அதை சப்போர்ட் பண்ணணும். கஸ்டமர் கேர்ல டி.38 இருக்கான்னு கேட்டேன், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னாங்க. ஸ்பீடை 9600க்கு குறைச்சு, ஈசிஎம்மை (தப்பா வந்த பகுதியைத் திரும்ப அனுப்ப வைக்கிற வசதி) ஆஃப் பண்ணிப் பாத்தேன், சென்னைக்கு ஒரு பக்கம் போகும், அமெரிக்காவுக்கு ரெண்டாவது பக்கத்துல செத்துடும்.

கடைசியா வந்து நின்னது ஆன்லைன் ஃபேக்ஸ்தான். பிடிஎஃப்பை அப்லோட் பண்ணியோ ஈமெயில்ல அட்டாச் பண்ணியோ விட்டா, அமெரிக்காவுல இருக்குற அவங்க சர்வர் அங்க இருந்தே டயல் பண்ணும், அதனால டோல் ஃப்ரீ பிரச்சினை அதோட ஒழிஞ்சுது. பிஸியா இருந்தா அதுவே திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், நாம ராத்திரி முழிச்சு உக்காந்திருக்க வேண்டாம். எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு பக்கம் அனுப்புறவங்களுக்கு ஃபேக்ஸ்ஜீரோ மாதிரி இலவசமே போதும், அமெரிக்கா, கனடாவுக்கு முதல்ல வர்ற கவர் பக்கம் போக 3 பக்கம் போகும், கவர் பக்கத்துல அவங்க விளம்பரம் இருக்கும். பேஷண்ட் பேப்பர்னா இலவசம் பக்கம் போகவே கூடாது, பேஷண்ட் விவரத்தைப் பாதுகாக்கணும்னு அமெரிக்காவுல ஹிப்பா சட்டம் இருக்கு, அந்த விவரத்தைப் பாதுகாப்பா வச்சுக்குறோம்னு பிஏஏ அக்ரிமெண்ட் போட்டுக் குடுக்குற கம்பெனியா பாத்து காசு கட்டித்தான் எடுக்கணும். நான் முதல்ல எடுத்த ஒண்ணு (பேரு வேண்டாம்) சைன் அப் ஒரு கிளிக், கேன்சல் பண்றதுக்கு மட்டும் போன் பண்ணி லைன்ல காத்திருக்கணும், அதுவும் அவங்க ஆபீஸ் நேரத்துல, அதாவது நமக்கு நடு ராத்திரி.

எந்த வழில போனாலும் ஸ்கேன் விஷயத்துல கவனம் வேணும். ஃபேக்ஸ்ல கிரே, கலர்னு ஒண்ணும் பெரும்பாலும் கிடையாது, ஒரு வரிக்கு 1728 புள்ளி, ஒவ்வொண்ணும் கருப்பு இல்லன்னா வெள்ளை. எதுக்கு எவ்வளவு குடுத்தோம், எதுக்கு இல்லன்னு இன்சூரன்ஸ்காரன் அனுப்புற ஈஓபி தாள்ல கிளெய்ம் நம்பர் லேசான சாம்பல் கட்டத்துக்குள்ள இருக்கும், அதை அப்படியே அனுப்பினா அந்தப் பக்கம் கொசு மொய்ச்ச மாதிரி புள்ளி புள்ளியா விழுது, 3 எது 8 எதுன்னு தெரியாது, போற நேரமும் பல மடங்கு ஆகும். பிளாக் அண்ட் ஒயிட்ல ஸ்கேன் பண்ணி, ஃபைன் மோட்ல விடுங்க, ஸ்டாண்டர்ட்ல இன்ச்சுக்கு 98 வரி, ஃபைன்ல 196. சந்தேகமா இருந்தா நம்பரை கவர் பக்கத்துல பெருசா டைப் பண்ணலாம்னு தோணும், ஆனா பேஷண்ட் விவரம் எதுவும் கவர்ல போடக் கூடாது, அதனால அப்பீல் லெட்டர் முதல் வரில போடுறேன்.

கன்ஃபர்மேஷன் ரிப்போர்ட்டை தூக்கிப் போடாதீங்க. மெடிகேர்ல (அமெரிக்க அரசு முக்கியமா வயசானவங்களுக்கு நடத்துற இன்சூரன்ஸ்) முதல் அப்பீலுக்கு 120 நாள் கெடு, பிரைவேட் கம்பெனி ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு கெடு வச்சிருக்கான், "எங்களுக்கு வரவே இல்ல"ன்னு சொல்றது அவங்க வழக்கம், அப்போ தேதி, நேரம், பக்க எண்ணிக்கை, "சக்சஸ்"னு இருக்குற அந்த ஒரு தாள்தான் நம்ம பக்கம் பேசும். அதுலயும் பக்க எண்ணிக்கையைப் பாருங்க, 22 அனுப்பி 19 போயிருக்கும், ஸ்டேட்டஸ்ல பார்ஷியல்னு சின்னதா இருக்கும். நம்ம காலை 8 மணிக்கு விட்டா அங்க இன்னும் முந்தின நாள் ராத்திரிதான், லைனும் ஃப்ரீயா இருக்கும், கெடு கடைசி நாள்னா சில சமயம் இது கை குடுக்கும்.

யுஎஸ்பி மோடம் இப்போ வாங்கலாமான்னு கேட்டா, வீட்ல நிஜமான காப்பர் லைன் இருந்தா மட்டும் வாங்குங்க, ஃபைபர் வீட்டுக்கு காசு தண்டம். ஆன்லைன்ல இன்கமிங் நம்பரோட பிளான் எடுக்குறவங்க, வேற கம்பெனிக்கு நம்பரை போர்ட் பண்ணி எடுத்துட்டுப் போக விடுவாங்களான்னு காசு கட்டுறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிடுங்க. பிளானை நிறுத்தினா அந்த நம்பர் கொஞ்ச நாள்ல வேற யாருக்காவது போயிடும், கிளினிக் லெட்டர்ஹெட்ல, இன்சூரன்ஸ் ஃபைல்ல எல்லாம் பழைய நம்பரே இருக்கும், உங்க பேஷண்ட் பேப்பர் போய் யாரோ ஒருத்தர் இன்பாக்ஸ்ல விழும்.