எம்.ஐ.டி.யின் டி.இ.டி.பி.: வேலையை விடாமல் எகனாமெட்ரிக்ஸ் படிக்கலாமா?

முதலில் ஒரு விளக்கம். இது குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. அங்கே பொருளாதாரத் துறையும் வறுமை ஒழிப்பு பற்றி ஆராயும் ஜே-பால் மையமும் சேர்ந்து ஆன்லைனில் நடத்தும் மைக்ரோமாஸ்டர்ஸ் (முதுகலைத் தரத்தில் ஒரு சான்றிதழ்) படிப்பின் பெயர் ‘டேட்டா, எகனாமிக்ஸ் அண்ட் டிசைன் ஆஃப் பாலிசி’. சுருக்கமாக டி.இ.டி.பி. தலைப்பில் உள்ள எகனாமெட்ரிக்ஸ் என்பது பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு அலசுவது. 2019-ல் பொருளாதார நோபல் வாங்கிய மூவரில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இதில் பாடம் எடுக்கிறார்கள். நான் பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடித்துவிட்டு திருச்சியில் ஒரு சிறுகடன் நிறுவனத்தில் எம்.ஐ.எஸ். (தரவுகளைத் தொகுத்து அறிக்கை போடும் வேலை) பார்ப்பவள். வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்சி. சேரும் வசதி இல்லை, அதனால் இதில் சேர்ந்தேன்.

சான்றிதழ் வாங்க ஐந்து தாள்களில் தேற வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் வாராவாரம் வீட்டுப்பாடம் உண்டு, அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. கடைசியில் கேமரா கண்காணிப்பில் ஒரு தேர்வு. கதவைச் சாத்திக்கொண்டு அறையில் தனியாக உட்கார வேண்டும், அடையாள அட்டையைக் கேமராவில் காட்ட வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அன்றைக்கு மட்டும் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு வசதி என்னவென்றால், கெடு எல்லாம் உலகப் பொது நேரத்தில் நள்ளிரவு. நம் ஊரில் அது விடிகாலை ஐந்தரை. ராத்திரி சாப்பாட்டுக் கடை முடிந்த பிறகு உட்காருகிறவர்களுக்கு அந்த ஐந்தரை மணி நேரம் வரம்தான்.

சரி, இது முதுகலைப் பட்டமா? இல்லை. இதை வைத்துக்கொண்டு நெட் தேர்வு எழுதவோ, கல்லூரி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கவோ முடியாது. ஐந்து தாளும் முடித்தவர்கள் எம்.ஐ.டி.யின் நேரடி முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் அங்கே போய் வசந்தப் பருவம் முழுக்க வகுப்பு, பிறகு கோடையில் களத்தில் ஒரு புராஜெக்ட், அதன் பிறகே பட்டம். 2020-ல்தான் முதல் அணி உள்ளே போனது. இதற்கு இளங்கலைப் பட்டம் கட்டாயமில்லை என்பது நம் ஊர்க்காரர்களுக்கு நம்ப முடியாத விஷயம். ஆனால் எடுப்பது ரொம்பக் கொஞ்சம் பேரைத்தான். அந்தக் கனவை மட்டும் நம்பிச் சேர வேண்டாம் என்பேன்.

பிறகு எதற்குச் சேர வேண்டும்? பாடத்துக்காக. கல்லூரியில் கை-வர்க்கப் (chi-square) பரிசோதனை என்ற புள்ளியியல் சோதனையை ரெக்கார்டு நோட்டில் கலர் பேனாவால் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறோம். எதை எதோடு ஒப்பிடலாம் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. இங்கே எதை எடுத்தாலும் அந்தக் கேள்விதான்.

ஒரு உதாரணம், டுஃப்லோ 2001-ல் வெளியிட்ட இந்தோனேசியக் கட்டுரை. எண்ணெய்ப் பணம் கொட்டிய காலத்தில், 1973-லிருந்து 1978 வரை, அந்த நாட்டு அரசு 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. படிப்பு குறைவாக இருந்த பகுதிகளுக்குத்தான் அதிகப் பள்ளி. அதனால் நேரடியாக ஒப்பிட்டால் பள்ளி நிறையக் கட்டிய ஊரில்தான் படிப்பு குறைவு என்று வரும்! அதற்காக அவர் வயது வாரியாக இரண்டு கூட்டங்களை எடுக்கிறார். 1974-ல் 2 முதல் 6 வயதில் இருந்தவர்களுக்குப் புதுப் பள்ளி கிடைத்தது, 12 முதல் 17 வயதில் இருந்தவர்களுக்குக் காலம் கடந்துவிட்டது. அதிகப் பள்ளி வந்த பகுதிகளில் சராசரிப் படிப்பு 8.02 ஆண்டிலிருந்து 8.49-க்கு ஏறியது, குறைவாக வந்த பகுதிகளில் 9.40-லிருந்து 9.76-க்கு. ஏற்றம் 0.47, 0.36. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அட்டவணையில் 0.12 (நீங்கள் கழித்தால் 0.11 வரும், தசமத்தைச் சுருக்கியதால் வந்த இடைவெளி அது). இதன் பெயர்தான் டிஃப்-இன்-டிஃப், அதாவது வித்தியாசங்களின் வித்தியாசம். இதில் எனக்குப் பிடித்த இடம், அந்த 0.12-க்குத் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தள்ளாடலாம் என்பதன் அளவு) 0.089 என்று அவரே பக்கத்தில் போட்டிருப்பது. வித்தியாசம் அந்தப் பிழையைப் போல் இரண்டு மடங்குகூட இல்லை, அதாவது இந்த ஒரு கணக்கை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பள்ளி எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் முழுவதையும் ரிக்ரஷனில் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று மதிப்பிடும் முறை) போட்ட பிறகுதான் முடிவு உறுதியாகிறது.

எங்கள் நிறுவனமும் வருமானம் குறைந்த பகுதியாகப் பார்த்துத்தான் கிளை திறக்கும். அதே சிக்கல் எங்கள் எக்செல் ஷீட்டிலும் இருக்கிறது. இன்னொரு பாடத்தில் ஐதராபாத் சிறுகடன் ஆய்வு வந்தது. 104 குடியிருப்புப் பகுதிகளில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்து கடன் கிளை திறந்து பார்த்ததில், குடும்பங்களின் மொத்தச் செலவு, கல்வி, உடல்நலம் எதிலும் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. மேனேஜரிடம் சொன்னேன். “ஏம்மா, சம்பளம் வர்ற இடத்துலயே கை வைக்கிறியா?” என்றார்.

குறை என்றால் வேகம். வேலைக்குப் போகிறவர்கள் ஒரே பருவத்தில் இரண்டு தாள் எடுத்தால் திணறிப்போவார்கள், ஒன்றுக்கே வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கால்குலஸ் மறந்தவர்களுக்கு மைக்ரோ எகனாமிக்ஸ் தாள் உதைக்கும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைப் பாடத்தோடு சொல்லித் தருகிறார்கள் என்றாலும், முன்னாலேயே தொட்டுப் பார்த்திருப்பது நல்லது. கணித ஆழம் தேடுகிறவர்களுக்கு இது போதாது. தேற்றங்களை நிறுவிப் பழக வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஐ. (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) பக்கம் போங்கள்.

கட்டணம் வருமானத்தைப் பொறுத்து மாறும். தேர்வும் சான்றிதழும் வேண்டாம் என்றால் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம். அதனால் முதல் இரண்டு வாரம் பணம் கட்டாமல் உட்கார்ந்து பாருங்கள். ஒத்துவந்தால், கட்டணத்துக்கான கடைசித் தேதிக்குள் மாறிக்கொள்ளலாம். தொடக்கத்துக்கு நான் சொல்வது ‘டேட்டா அனாலிசிஸ் ஃபார் சோஷியல் சயின்டிஸ்ட்ஸ்’ தாள்.